வீட்டுக் கூடத்தில் ஒரு ப்ளூஸ் பாடகி: எப்படித் தயாராவது?

கூடத்துவிளக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எந்த இசை நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாமல், தன் பாடல்களைத் தானே எழுதி, தானே பதிவு செய்து, தானே விற்றுவரும் ஒரு ப்ளூஸ், சோல் பாடகி (இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசைவகைகள்) இன்னும் ஐந்து வாரங்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடன் ஒரு கிட்டார் கலைஞர் மட்டும் வருவார். எங்கள் வீட்டில் சுவரோடு சேர்த்து வைத்திருக்கும் பழைய பியானோவில் சில பாடல்களை அவரே வாசித்துப் பாடுவதாகவும் சொல்லியிருக்கிறார். நான் இதுவரை வீட்டில் கச்சேரி எதையும் நடத்தியதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதுக்கூடத்தில் அவர் பாடக் கேட்டேன். அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாடலின் நடுவில் அவர் குரலை ஏறக்குறைய முணுமுணுப்பு அளவுக்குத் தாழ்த்தியபோது, அந்த வரி முன்னால் நின்ற ஆறேழு பேரின் காதில்தான் விழுந்தது. அந்த ஒரு வரியை ஓர் அறை முழுவதும் கேட்க வேண்டும் என்று அன்று தோன்றிய ஆசைதான் இந்த அழைப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

கூடம் சுமார் 25 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்டது. நெருங்கி அமர்ந்தால் 30 பேர் வரை அமரலாம். எனக்கு மூன்று விஷயங்களில் தெளிவு தேவைப்படுகிறது. இத்தனை சிறிய இடத்தில் மைக்கும் ஸ்பீக்கரும் வேண்டுமா, அல்லது அவை இந்த நெருக்கத்தைக் கெடுத்துவிடுமா? வீட்டுக்கு அழைத்த விருந்தினரிடம் பணம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பாடகிக்கு நியாயமான தொகை கிடைத்தே ஆக வேண்டும், இதை எப்படிச் செய்வது? மூன்றாவதாக, வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இசைக்குப் புதியவர்கள். அவர்களை அமைதியாக இருக்கச் சொல்வதா, கைதட்டச் சொல்வதா, ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுவதா என்று புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதினெட்டு நாற்காலி எழுதியது:

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஆண்டுக்கு நான்கைந்து கச்சேரிகள் நடத்திவருகிறோம். உங்கள் மூன்று கேள்விகளில் பணத்தைப் பற்றியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதன்முறை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான்.

வருகிற பணம் முழுவதும், ஒரு காசு குறையாமல், கலைஞரிடம் போய்ச் சேர்கிறது என்பதுதான் வீட்டுக் கச்சேரியின் அடிப்படை. மதுக்கூடத்திலோ சிற்றரங்கிலோ பாடுகிறவருக்கு, இடத்தின் வாடகையும் ஒலியமைப்பாளரின் ஊதியமும் ஏற்பாட்டாளரின் பங்கும் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் கிடைக்கும். சில இரவுகளில் ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் இந்தக் கழிவு எதுவும் இல்லை என்பதால், 25 பேர் வந்த கூடத்திலிருந்து ஒரு சுயாதீனப் பாடகி, 100 பேர் வந்த அரங்கிலிருந்து கொண்டுபோவதைவிட அதிகமாகக் கொண்டுபோக முடிகிறது. இதை உங்கள் விருந்தினருக்கு நேரடியாகச் சொல்லுங்கள். நீங்கள் உங்களுக்காகக் கேட்கவில்லை என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டால் கூச்சப்பட இடமே இருக்காது.

முதலில் பாடகியிடமே பேசி, ஒருவருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதை அழைப்பிதழிலேயே, நாளுக்கும் நேரத்துக்கும் அடுத்த வரியில், முழு எண்ணாக எழுதுங்கள். "விரும்பியவர்கள் விரும்பியதைத் தரலாம்" என்று மட்டும் எழுதினால், தாராள மனம் படைத்தவர்கள்கூட எவ்வளவு தருவது முறை என்று தெரியாமல் குறைவாகவே தருவார்கள். நானே முதல் இரண்டு கச்சேரிகளில் இந்தத் தவற்றைச் செய்து, வெகுதொலைவிலிருந்து வந்த ஒரு கலைஞரைப் பயணச் செலவுக்கே போதாத தொகையோடு அனுப்பியிருக்கிறேன். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது. அதற்குப் பிறகு, வருகை எவ்வளவு குறைந்தாலும் இந்தத் தொகைக்குக் கீழே போகாது, குறைந்தால் நானே ஈடுசெய்வேன் என்று ஒரு குறைந்தபட்சத்தைக் கலைஞருக்கு முன்கூட்டியே எழுத்தில் உறுதியளித்து விடுகிறேன்.

அழைப்பை அனுப்பும்போது வருகையை உறுதிசெய்யச் சொல்லுங்கள். உறுதிசெய்தவர்களுக்கு மட்டும் வீட்டு முகவரியை அனுப்புங்கள். என் அனுபவத்தில் அழைக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே வருகிறார்கள் என்பதால், 30 இருக்கைகளுக்குக் குறைந்தது 60 பேரையாவது அழைக்க வேண்டியிருக்கும். இதைப் பொது விளம்பரமாக ஆக்காதீர்கள். பல ஊர்களில், வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்கினால் வீடு வணிக இடமாகக் கருதப்படும். அழைக்கப்பட்டவர்கள் கலைஞருக்குத் தரும் அன்பளிப்பாக ஏற்பாட்டை அமைத்துக்கொள்வது அதனால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டுக்குள் நடப்பதாலேயே ஒரு கச்சேரி தனிப்பட்ட நிகழ்ச்சி ஆகிவிடாது. உதாரணமாக, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், குடும்பத்தினர், வழக்கமாகப் பழகுகிறவர்கள் ஆகிய வட்டத்துக்கு வெளியே கணிசமானவர்கள் கூடினாலே அதைப் பொது நிகழ்ச்சியாகக் கொள்கிறது. பாடகி தன் சொந்தப் பாடல்களைப் பாடும்வரை இது பெரிய சிக்கலாக வருவதில்லை. பிறர் பாடல்களும் பட்டியலில் இருந்தால், உங்கள் நாட்டின் விதி என்ன என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, 45 நிமிடங்கள் பாட்டு, 20 நிமிட இடைவேளை, மீண்டும் 45 நிமிடங்கள் என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தியிருக்கிறது. இடைவேளையை வெறும் ஓய்வு என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய இசைத்தட்டுகள் விற்பதும், மின்னஞ்சல் பட்டியலில் பெயர்கள் சேர்வதும் அப்போதுதான். நல்ல வெளிச்சம் படும் இடத்தில் ஒரு மேசையை அவருக்கென்று ஒதுக்கி, விற்பனையைக் கவனித்துக்கொள்ள உங்களில் ஒருவரை நிறுத்துங்கள். பாடி முடித்த களைப்போடு அவரே சில்லறை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. முதல் பகுதியின் கடைசிப் பாடல் முடிந்ததும் நீங்கள் எழுந்து நின்று, அன்பளிப்புப் பெட்டி எங்கே இருக்கிறது, அதில் விழுவது முழுவதும் யாருக்கு என்று இரண்டே வாக்கியங்களில் சொல்லுங்கள். அதை அவர் வாயால் சொல்ல விடாதீர்கள்.


ஏழாம் தந்தி எழுதியது:

பணத்தைப் பற்றி மேலே எழுதியதை முழுமனதோடு வழிமொழிகிறேன். ப்ளூஸ் பாடிய பெண்களின் வரலாற்றைப் படித்தவர்கள், இதை வெறும் ஏற்பாட்டு விவரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

1920 ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில் மேமி ஸ்மித் 'கிரேஸி ப்ளூஸ்' பாடலைப் பதிவு செய்தபோது, கறுப்பினப் பெண் ஒருவர் பாடிய ப்ளூஸ் முதன்முறையாக இசைத்தட்டில் ஏறியது. அதன் விற்பனையைக் கண்ட பிறகுதான் இசைத்தட்டு நிறுவனங்கள் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் போன்ற பாடகியரைத் தேடிப் போயின. 1923இல் முதல் தட்டைப் பதிந்த பெஸ்ஸி, தன் காலத்தின் மிகப் பெரிய ப்ளூஸ் பாடகியாக விளங்கியவர். ஆனால் அவருக்குத் தரப்பட்டது ஒரு பதிவுக்கு இவ்வளவு என்ற ஒருமுறைத் தொகைதான், விற்பனையில் ராயல்டி கிடையாது. 1937இல் சாலை விபத்தில் இறந்த அவருடைய கல்லறைக்கு 1970 வரை ஒரு பெயர்க்கல்கூட இல்லை. 1950களில் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நிலைநிறுத்திய குரல்களில் ஒன்றான ரூத் பிரௌன், பிற்காலத்தில் வீட்டுவேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிழைத்தார். தனக்கு வரவேண்டிய ராயல்டிக்காக அவர் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் விளைவாகத்தான் 1988இல், முதிய கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்டு ப்ளூஸ் அறக்கட்டளை உருவானது. சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் தன் ஊதியத்தை ரொக்கமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கைப்பையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் பாடுவார் என்பது பலரும் அறிந்த செய்தி. 2015இல், கலைஞர்களைக் கௌரவிக்கும் கென்னடி மையத்து விழாவில் அவர் பியானோவின் மேல் கைப்பையை வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்த காட்சியை நான் அந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்கிறேன்.

வீட்டுக்குள் பாடுவதும் இந்த இசைக்குப் புதிதன்று. 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், அதிக வாடகைக்குக் குடியிருந்த கறுப்பினக் குடும்பங்கள் தம் வீட்டு அறையைத் திறந்துவிட்டு, ஒரு பியானோ கலைஞரை அமர்த்தி, வருகிறவர்களிடம் சிறு கட்டணம் வாங்கி அந்த மாத வாடகையை அடைத்தன. வாடகை விருந்து என்று அழைக்கப்பட்ட அந்த இரவுகளுக்கு எதுகையோடு கூடிய சிறு அட்டைகள் அச்சிடப்பட்டன. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்துவைத்தார். ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர் போன்ற பியானோ கலைஞர்களின் கைத்திறன் அந்த அறைகளில் கூர்தீட்டப்பட்டது. அன்று பணம் வீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது. உங்கள் கூடத்தில் அது பாடகிக்குத் தேவைப்படுகிறது.

இனி உங்கள் மூன்றாம் கேள்வி. ப்ளூஸ் பாடலின் மிகப் பழக்கமான அமைப்பில் பன்னிரண்டு தாள அளவுகள், அதாவது நான்கு தட்டுகள் கொண்ட சுற்றுகள், உண்டு. நான்கு நான்காக மூன்று வரிகள். முதல் வரி ஒன்றைச் சொல்லும், இரண்டாம் வரி அதையே திரும்பச் சொல்லும், மூன்றாம் வரி அதற்கு விடையாக வரும். விளக்கத்துக்காக நானே கட்டிய மூன்று வரிகள் இவை:

விடியும் முன்னே ரயிலேறினேன், கதவைப் பூட்டவில்லை;
ஆமாம், விடியும் முன்னே ரயிலேறினேன், கதவைப் பூட்டவில்லை;
நான் திரும்புவேன் என்று நம்பியோ, யாரும் விளக்கை அணைக்கவில்லை.

ஒவ்வொரு வரியையும் பாடகி ஏறத்தாழ முதல் இரண்டு அளவுகளிலேயே முடித்துவிடுவார். எஞ்சிய இரண்டில் கிட்டார் அவருக்கு மறுமொழி சொல்லும். ஆக, பாட்டுக்குள்ளேயே பதிலுக்கென்று இடம் விடப்பட்டிருக்கிறது. சோல் இசையோ தேவாலயப் பாடலிலிருந்து நேராக இறங்கி வந்தது. அங்கே ஒரு வரி நெஞ்சைத் தொட்டால் கேட்கிறவர் வாய்விட்டு ஆமோதிப்பது வழிபாட்டின் பகுதி. இப்படி வளர்ந்த இசையை, தேர்வு எழுதும் அறையைப் போன்ற நிசப்தத்தில் கேட்பது அதைப் பாதியாகக் கேட்பதாகும். எனவே உங்கள் விருந்தினரை வாய்மூடி இருக்கச் சொல்லாதீர்கள்.


மௌனவாசி எழுதியது:

ஏழாம் தந்தி அவர்களோடு இந்த ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். வரலாறு அவர் சொல்வதுபோலத்தான். ஆனால் இந்தத் தொடரைத் தொடங்கியவரின் ஆசை வேறு. முணுமுணுப்பாகத் தாழ்ந்த ஒரு வரியை அறை முழுவதும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் இந்தக் கச்சேரியையே ஏற்பாடு செய்கிறார். ஆமோதிக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டால், இசை பழகாத கூட்டத்தில் ஆமோதிப்புக்கும் அரட்டைக்கும் இடையிலான கோடு பத்து நிமிடங்களில் அழிந்துவிடும். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாடும்போது பேச வேண்டாம், கைபேசிகளை அணைத்துவிடுங்கள், நடுவில் எழுந்து போக வேண்டாம் என்று தொடக்கத்தில் கனிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுவதே பாதுகாப்பானது.


தாழ்சுருதி எழுதியது:

நான் பதினான்கு ஆண்டுகளாக ப்ளூஸும் சோலும் பாடிவருகிறேன். எனக்கும் நிறுவனம் இல்லை, மேலாளர் இல்லை. என் நாட்குறிப்பும் என் கணக்கும் என் கையில்தான். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் பாடியிருக்கிறேன் என்பதால், பாடுகிறவரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மேலே இருவர் வாதிடும் மௌனத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னோடு அந்த வரிக்குள் நிற்பார்கள். அப்போது அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிடுவதுகூட எனக்குக் கேட்கும், அதைவிடப் பெரிய வெகுமதி எனக்கு இல்லை. மற்றொன்றில், தவறாக ஏதாவது செய்துவிடுவோமோ என்ற அச்சத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவது சுவரை நோக்கிப் பாடுவது போன்றது. அச்சத்தை நீக்கும் வேலையை எனக்கு விட்டுவிடுங்கள். முதல் இரண்டு பாடல்களுக்குள், எங்கே கைதட்டினால் பாட்டு நகரும் என்பதை நானே காட்டிக்கொடுப்பேன். நான்கு தட்டுகளில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிப் பழகிய கைகளை இரண்டுக்கும் நான்குக்கும் மாற்றிவிட்டால், அறையே சாய்ந்து ஆடத் தொடங்கிவிடும். எந்தப் பாடலில் அவர்கள் குரல் வேண்டும், எந்தப் பாடலில் வேண்டாம் என்பதும் என் உடம்பிலிருந்தே அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, பேச்சு வேண்டாம், கைபேசி வேண்டாம் என்ற இரண்டை மட்டும் சொல்லிவிட்டு அமர்வதுதான். ஒளிப்பதிவு செய்யலாமா என்பதையும் பாடகியைக் கேட்டு, அவர் பதிலை அப்படியே அறிவித்துவிடுங்கள். இன்னும் வெளியிடாத பாடல் ஒன்றை அந்தக் கூடத்தை நம்பி அவர் பாடக்கூடும்.

ஒரு கச்சேரிக்கு முன் எனக்கு வேண்டியவை மிகச் சில. கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையில் அரைமணி நேரம், குளிர்விக்காத தண்ணீர், குரலைப் பதப்படுத்திக்கொள்ளும்போது யாரும் எட்டிப்பார்க்காத நிம்மதி. வீட்டில் செல்லப் பிராணிகள் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். எனக்குப் பூனைகளைப் பிடிக்கும், ஆனால் அவற்றின் ரோமம் என் தொண்டையை இருபது நிமிடங்களில் அடைத்துவிடும். அன்று மாலை கூடத்தில் வாசனைப் புகையும் நறுமண மெழுகுவர்த்தியும் வேண்டாம். முதல் வரிசையை என்னிடமிருந்து ஐந்தாறு அடி தள்ளிப் போடுங்கள். விட்டுப் போனவனைப் பற்றியும் அடித்தவனைப் பற்றியும் பாடும் பாடல்கள் இவை. மூன்றடி தூரத்தில் ஒரு முகம் இருந்தால் பாடுவது எனக்கும் கடினம், கேட்பது அவருக்கும் கடினம். மேற்கூரை விளக்கை அணைத்துவிட்டு, என் பக்கவாட்டில் ஒரு நிலைவிளக்கையும் அறையின் கோடியில் ஒரு சிறு விளக்கையும் எரிய விட்டால் போதும்.

தங்குவதற்கு உங்கள் வீட்டிலேயே இடம் கொடுப்பதாக இருந்தால், அந்த இரவில் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே எழுதி அனுப்புங்கள். ஒரு முறை, எனக்கென்று தரப்பட்ட அறைக் கதவில் தாழ்ப்பாளே இல்லை; வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் கச்சேரிக்கு வந்த முன்பின் தெரியாத இருவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள், நான் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். பெண்கள் தனியாகவோ இருவராகவோ பயணம் செய்து பாடும் தொழில் இது. ஒரு தாழ்ப்பாளும் ஒரு முன்தகவலும் எவ்வளவு பெரிய உதவி என்பது அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும். பாடி முடித்த பிறகு நெடுநேரம் உரையாடலில் இருத்திவைக்காதீர்கள். அவரே விரும்பி அமர்ந்தால் அது வேறு.

இறுதியாக, எனக்கு வலிக்கும் ஒன்று. என்னோடு வாசிக்கும் கிட்டார் கலைஞர் ஆண் என்பதால், பல வீடுகளில் ஒலியமைப்பைப் பற்றிய கேள்விகளை அவரிடம் கேட்கிறார்கள், பாடல்களை எழுதியவர் அவர்தானா என்று விசாரிக்கிறார்கள், பண உறையையும் அவர் கையில் கொடுக்கிறார்கள். அவர் ஒவ்வொரு முறையும் அதை வாங்காமல் என்னைக் காட்டுவார். ஒரு வீட்டில் உறையிலிருந்து ஒரு பகுதியை உணவுச் செலவுக்கென்று எடுத்துக்கொண்ட செய்தியைக்கூட அவரிடம்தான் சொன்னார்கள். பாடல்கள் என்னுடையவை, கச்சேரியும் என் பெயரில் நடக்கிறது. உறையைப் பிரிக்காமல், யாரும் பார்க்காத ஓரிடத்தில், பாடியவரின் கையிலேயே கொடுங்கள்.


ஒலிக்கலவை எழுதியது:

மைக் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. சிறிய அரங்குகளில் ஒலியமைப்பதுதான் என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

30 பேர் அமரும் கூடத்தில் ஒரு ப்ளூஸ் பாடகியின் குரல் கடைசி வரிசையை எட்டுவதற்கு மைக் தேவையில்லை. பெஸ்ஸி ஸ்மித் கூடாரங்களில் மைக் இல்லாமல் பாடியவர். 1925இல் மின்வழிப் பதிவு வரும்வரை அவருடைய தட்டுகளும் உலோகக் குழல் ஒன்றின் முன் நின்று பாடிப் பதியப்பட்டவையே. ஆனால் அதன் பிறகு வந்த பாடகியர், குறிப்பாகச் சோல் பாடகியர், மைக்கை ஓர் இசைக்கருவியாகவே கையாளக் கற்றுக்கொண்டார்கள். மேடைகளில் வழக்கமாகப் பயன்படும் மைக்குகள் ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்கிக்கொள்ளும் வகை. உதடு அதை நெருங்க நெருங்கக் குரலின் அடிப்பகுதி தடித்து ஒலிக்கும். நீங்கள் அன்று கேட்ட முணுமுணுப்பில் இருந்த வெதுவெதுப்பு ஓரளவுக்கு இந்த இயல்பினால் வந்ததாகவும் இருக்கலாம். உச்சத்துக்குப் போகும்போது அதே பாடகி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். இந்தக் கைப்பழக்கத்தோடு வளர்ந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டால் தாழ்ந்த குரலில் பாடும் துணிவையும் பிடுங்கிவிடுகிறோம். அவர் பாதுகாப்புக்காக எல்லா வரிகளையும் சற்று உரக்கவே பாடுவார், நீங்கள் ஆசைப்பட்ட வரி காணாமல் போய்விடும்.

ஆகவே அவரிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் ஒரு மைக், ஒரே ஒரு சிறிய ஸ்பீக்கர் போதும். ஸ்பீக்கரை அமர்ந்திருப்பவர்களின் காது உயரத்தில், மைக் அதை நேராகப் பார்க்காதபடி அவருக்குப் பக்கவாட்டில் சற்று முன்னே வையுங்கள். இல்லாவிட்டால் ஊளைச் சத்தம் வரும். ஒலி அவருடைய வாயிலிருந்தே வருவதாகக் கேட்பவர் நம்ப வேண்டும். ஸ்பீக்கர் பேசுவது தனியாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு படபடவென்று ஓர் உலோக அதிர்வு தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருந்து ஒலியை மாற்றி மாற்றி எறிகின்றன. ஒரு சுவரில் கனத்த திரைச்சீலையையோ புத்தக அலமாரியையோ வைத்தால் அது அடங்கும். தரைக்கு ஒரு விரிப்பும் போடுங்கள். மிகையாகவும் போய்விட வேண்டாம், ஏனென்றால் 30 பேரின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும். காலியான கூடத்தில் சற்று அதிகமாக முழங்குவதுதான் நிறைந்த கூடத்தில் சரியாக ஒலிக்கும். அறையின் மூலைகளில் கீழ்ச்சுருதிகள் திரண்டு நிற்கும் என்பதால் கிட்டார் ஆம்ப்ளிபயரை மூலையில் தள்ள வேண்டாம். ஐந்து வாட் திறனுள்ள சிறியது வீட்டுக்கு ஏராளம். அதைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றி, வாசிப்பவரின் காதை நோக்கிச் சாய்த்துவிட்டால் அவரே ஒலியைக் குறைத்துக்கொள்வார். விளக்கின் ஒளியைக் கூட்டிக்குறைக்கும் சுழல்விசைகள் சில கிட்டார்களில் ரீங்காரத்தை உண்டாக்கும். ஒத்திகையின்போதே விளக்குகளை அன்றைய இரவுபோல அமைத்துச் சோதித்துவிடுங்கள்.

உங்களிடம் உள்ளது பழைய பியானோ என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் என்னைக் கொஞ்சம் கவலைப்பட வைக்கிறது. நெடுநாள் சுருதி கூட்டாத பியானோ, 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்குக் கீழே இறங்கியிருக்கும். அதை ஒரே நாளில் மேலே இழுத்தால் சில நாட்களில் மீண்டும் நழுவிவிடும். இந்த வாரமே ஒருமுறை சுருதி கூட்டிவிட்டு, கச்சேரிக்கு முந்தைய நாள் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். முழுச் சுருதிக்கு ஏற்றினால் கம்பி அறுந்துவிடும் என்று சுருதி கூட்டுபவர் சொன்னால், அது எவ்வளவு கீழே நிற்கிறது என்பதைக் கிட்டார் கலைஞருக்கு இப்போதே தெரிவித்துவிடுங்கள். அவர் தன் தந்திகளைத் தளர்த்திக்கொள்ள முடியும்.


கூடத்துவிளக்கு எழுதியது:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று காலை பாடகிக்கு விரிவாக ஒரு கடிதம் அனுப்பினேன். குறைந்தபட்சத் தொகையை எழுத்தில் உறுதிப்படுத்தியிருக்கிறேன். அந்த இரவு வீட்டில் நானும் என் மனைவியும் என் தாயாரும் மட்டுமே இருப்போம் என்பதையும், அவருடைய அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் உண்டு என்பதையும் தெரிவித்திருக்கிறேன். மைக் வேண்டுமா என்று கேட்டதற்கு, தன்னுடைய மைக்கைத் தானே கொண்டுவருவதாகவும், கடைசி இரண்டு பாடல்களை அது இல்லாமல் பாட விரும்புவதாகவும் பதில் எழுதியிருக்கிறார். கேள்விகளை நேராகத் தன்னிடமே கேட்டதற்கு நன்றியும் சொல்லியிருந்தார். தாழ்சுருதி அவர்கள் எழுதியிராவிட்டால் நான் கிட்டார் கலைஞருக்குத்தான் எழுதியிருப்பேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பியானோவுக்கும் ஆள் வருகிறார்.

ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கிறது. கூடத்தையொட்டிச் சமையலறை இருக்கிறது, இடையில் கதவு இல்லை. பகலில் தெரியாத குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல், நேற்றிரவு கைதட்டிச் சோதித்தபோது நன்றாகவே கேட்டது. தாழ்ந்த குரலில் பாடும்போது அது குறுக்கிடுமா?


ஒலிக்கலவை எழுதியது:

கட்டாயம் குறுக்கிடும், அதுவும் மைக் இல்லாத அந்தக் கடைசி இரண்டு பாடல்களில். கச்சேரி தொடங்குவதற்குச் சற்று முன் அதன் இணைப்பை எடுத்துவிடுங்கள். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு உள்ளிருக்கும் எதுவும் கெடாது. இணைப்பை எடுக்கும்போது உங்கள் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். ஒலிப்பதிவுக்காரர்கள் வழக்கமாகச் செய்வது இது. மறுநாள் காலை பாடகியை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடுவதற்குச் சாவியைத் தேடும்போது, பெட்டியை மறுபடி இயக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அதுவரை விட்டுவைக்காமல், கச்சேரி முடிந்ததும் இரவே இயக்கிவிடுங்கள்.